எங்கேயும் போகாத ஆள்

ஏற்காடு
28 ஜனவரி 2024

அன்புள்ள ஷெர்லின் அக்காவுக்கு மரியா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உறை மேல் உன் மடத்துப் பேரை, சிஸ்டர் தெரேஸ் அமலி என்று ஒழுங்காக எழுதியிருக்கிறேன். உறைக்குள் நீ ஷெர்லின்தான். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதர் என்னை மன்னிக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு மேலாக இப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து முடியப்போகிறது. அப்பா காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார். ரைட்டர் வேலையில் மூட்டைகளை எடை போட்டு எழுதி எழுதி அவருக்கு வேறு பேச்சே மறந்துவிட்டது. நேற்று சாப்பிடும்போது "இன்னும் சோறு வைக்கட்டுங்களாப்பா?" என்றேன். "நாப்பத்திரண்டு கிலோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் பிளஸ் டூ முடிகிறது. இங்கிலீஷ் எடுக்கும் ராஜேஸ்வரி மிஸ் என்னை பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர்தான் படிக்க வேண்டும் என்கிறார். அதையும் சென்னையில் ஒரு பெரிய காலேஜில் படிக்க வேண்டுமாம். அங்கே லைப்ரரியே மூன்று மாடி, வருஷா வருஷம் இங்கிலீஷ் நாடகம் போடுவார்கள். சேலத்திலும் காலேஜ் இருக்கிறது. நீ பி.காம். படித்தபோது செய்த மாதிரி தினம் பஸ்ஸில் அடிவாரம் இறங்கி, கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போய்வரலாம். அப்பாவைக் கேட்டால், "உனக்கு எங்க படிக்கோணுமோ அங்க படி கண்ணு" என்று சொல்லிவிட்டு டார்ச் லைட்டைத் தேடப் போய்விட்டார்.

அம்மா சாகும்போது எனக்கு நாலு வயது. எனக்கு எந்தப் பள்ளிக்கூடம், என்ன கலர் பாவாடை என்பதையெல்லாம் முடிவு செய்தது நீ. இதையும் நீயே சொல்லிவிடு. பிப்ரவரி பதினாலில் தவக்காலம் தொடங்கிவிடும், பிறகு ஈஸ்டர்வரை உங்கள் மடத்தில் கடிதம் கொடுக்கவும் மாட்டார்கள், எழுத விடவும் மாட்டார்கள். அதற்குள் பதில் போடு.

காப்பித்தூள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மரியா


திண்டுக்கல்
7 பிப்ரவரி 2024

சேசு மரி சூசை

பிரியமுள்ள மரியாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனிக்காலத்தில் அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு.

நீ அனுப்பிய காப்பித்தூள் எல்லாருக்கும் ஒரு நாளைக்குத்தான் வந்தது. வாசனை மட்டும் மூன்று நாள் அடுக்களையில் இருந்தது. எனக்கு இப்போது நற்கருணை அப்பம் சுடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மாவு கொஞ்சம் இளகினாலும் அப்பம் கருகிவிடுகிறது. உடைந்த ஓரங்களை நாங்களே தின்றுவிடுகிறோம்.

காலேஜ் பற்றிக் கேட்டிருந்தாய். நான் பார்த்த காலேஜ் ஒன்றே ஒன்று, அதிலும் கணக்குப் பாடம். ராஜேஸ்வரி மிஸ்ஸுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? அவர் சொல்கிறபடி சென்னைக்கே போ. ஆனால் முடிவு உன்னுடையதாக இருக்கட்டும். உனக்காக நான் முடிவு எடுத்த காலம் முடிந்துவிட்டது.

பரீட்சையை நன்றாக எழுது. ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே.

ஜெபத்தில் உன்னை வைத்திருக்கும்,
தெரேஸ் அமலி


ஏற்காடு
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் ஈஸ்டர்வரை மதரின் அலமாரியில் கிடக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அலமாரியிடம் பேசுகிற பெண் ஏற்காட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. ஊட்டில் பகல் முழுக்க நான் மட்டும்தான். என் ஒரே சிநேகிதி மலரோடு கரடியூர்வரை நடந்துபோய் வரலாம் என்று பார்த்தால், அவளுக்குத் தோட்ட வேலை. ரேடியோ போட்டேன், அதுவும் எரிச்சலாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். முடிவு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். சரி, நானே தேடினேன். தேடியதில் திண்டுக்கல்லில் ஒரு காலேஜ் கண்ணில் பட்டது. பதறாதே, பாடத்துக்காகத்தான். ஒன்று, சின்ன டிபார்ட்மென்ட். சின்ன வகுப்பு என்றால் டீச்சருக்கு நம் பேர் தெரியும். இரண்டு, நமக்கு ஃபீஸ் குறைவான எய்டட் சீட்டே கிடைக்குமாம். மூன்று, முதல் வருஷமே கவிதையில் தொடங்குகிறார்கள். சென்னையில் முதலில் ஏதோ சரித்திரத்தைப் போட்டு அறுக்கிறார்கள்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் போய் உன்னைப் பூட்டிக்கொண்டாயே என்று நான் உன்னைக் கேலி செய்ததுண்டு. ஊர் அவ்வளவு மோசமில்லை என்று இப்போது படுகிறது.

ஈஸ்டர் வாழ்த்துகளுடன்,
அலமாரிக்குள் இருந்து மரியா


திண்டுக்கல்
7 ஏப்ரல் 2024

சேசு மரி சூசை

பிரியமுள்ள மரியாவுக்கு உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்.

அப்பாவும் நீயும் சுகம்தானே? ஈஸ்டர் திங்களன்று மதர் கடிதங்களைக் கொடுத்தார். உன் கடிதத்தை அலமாரி பத்திரமாக வைத்திருந்தது.

திண்டுக்கல் உனக்கு வேண்டாம். வெயில் கொளுத்துகிறது, தண்ணீரும் கஷ்டம். மலையில் பிறந்த உடம்புக்கு இந்த ஊர் ஆகாது, எனக்கே முதல் இரண்டு கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குரு. சென்னைதான் உனக்குச் சரி.

நீ எழுதிய மூன்று காரணங்களும் நல்ல காரணங்கள். ஆனால் சின்ன வயதிலிருந்தே நீ மூன்று காரணம் சொன்னால் நாலாவதாக ஒன்று இருக்கும். அதை நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு.

ஜெபத்தில்,
தெரேஸ் அமலி


ஏற்காடு
26 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு இந்த வருஷமும் வேர்க்குருவா? பவுடர் போட்டுக்கொள்ள விடுவார்களா?

வெயில் என்று எழுதியிருந்தாய். சென்னையில் என்ன பனியா பெய்கிறது?

உன்னைப் போலவே இங்கே எல்லாரும் ஒரே பாட்டு. நேற்று ஜீப் ஓட்டும் தங்கராஜ் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க ரைட்டரே, பாப்பாவ இங்கிலீசு படிக்கறதுக்குப் பூட்டு ஊருக்கா அனுப்பறீங்க? நொம்ப நல்லாருக்குதுங்க உங்க நாயம்!" என்றார். அப்பா சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா கையில் இருந்தது.

ராஜேஸ்வரி மிஸ் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சென்னைக்கும் விண்ணப்பம் போடுவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் பேசினார். போடுகிறேன். போட்டால் போயா ஆக வேண்டும்?

நாலாவது காரணத்தை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
மரியா


எஸ்டேட் குவார்ட்டர்ஸ்
கரடியூர் ரோடு, ஏற்காடு
2 மே 2024

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது.

இங்கு இருவரும் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கும் மதர் முதலானோர் சுகத்துக்கும் தெரியப்படுத்தவும். கோடை மழை இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. இம்மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காவது பெய்யும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள் சாமி.

மேற்படி மரியா சென்னைக்குப் போக மறுக்கிறாள். காரணம் கேட்டேன். "சும்மாதானுங்கப்பா" என்றாள். எனக்குத் தெரியும். திண்டுக்கல் காலேஜிலிருந்து உங்கள் மடத்துக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ் போகும் என்று போனில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள். உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஊரைப் பிடித்திருக்கிறாள்.

நீ மடத்துக்குப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து மலரைத் தவிர அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஊடு. தபால்காரர் வரும் நாளில் மட்டும் முகத்தில் ஒரு களை. டீச்சரம்மா ஊட்டுக்கே வந்து, "இந்தப் புள்ள நாலு பேரோட பேசிப் பழகற எடத்துக்குப் போகோணும் சார்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே வந்தால் உங்கள் சுவருக்கு வெளியே அவளும் ஒரு மடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று பயப்படுகிறேன்.

நீ கண்டிப்பாகச் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொல்வதும் இல்லை.

இன்னொன்று. சேலத்துக் காலேஜில் சேர்ந்தால் சாயங்காலம் பஸ்ஸில் ஊட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா


ஏற்காடு
14 மே 2024

அக்கா, அக்கா, அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. இந்தக் கடிதமும் அலமாரிக்குத்தான் போகும். விண்ணேற்றத் திருநாளிலிருந்து தூய ஆவி திருநாள்வரை தியானத்தில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இன்றே எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஆறாம் தேதி ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் ஸ்கூலிலேயே நான்தான் முதல். நேற்று சென்னைக் காலேஜ் லிஸ்ட்டில் என் பேர் வந்தது. திண்டுக்கல் லிஸ்ட்டிலும் வந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான், இரண்டு நாளில் சேராவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். நான் திண்டுக்கல்லில் சேர்ந்துவிட்டேன். சென்னையை விட்டுவிட்டேன்.

இப்போது நாலாவது காரணம். வருஷத்தில் இரண்டே தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து, மலை ஏறி வருவது எனக்குப் போதவில்லை. இனி ஞாயிறுதோறும் உங்கள் கோயில் பூசைக்கு வருவேன். உன்னைப் பார்க்க முடியாது, தெரியும். கோயிலில் உங்களை மறைக்கிற அந்தத் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் பாடுவது வெளியே கேட்கும். அதில் உன் குரல் எது என்று எனக்குத் தெரியும். அது போதும்.

அம்மா போய்விட்டாள். நீ போனாய். அப்பா ஊட்டிலேயே இருந்துகொண்டே எங்கேயோ போய்விட்டார். ஆனால் நீ இனிமேல் சாகும்வரை அந்தச் சுவரைத் தாண்டமாட்டாய். யோசித்துப் பார்த்தால் உலகத்தில் எங்கேயும் போகாத ஆள் எனக்கு நீ ஒருத்திதான். அப்படிப்பட்ட ஆள் இருக்கிற ஊரில் போய்ப் படிப்பது தப்பா?

ஜூன் பதினேழு காலேஜ் திறக்கிறார்கள். வருகிறேன்.

உன்,
மரியா


திண்டுக்கல்
19 மே 2024, தூய ஆவி பெருவிழா

சேசு மரி சூசை

பிரியமுள்ள மரியாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இன்று தியானம் முடிந்தது. தேங்கிக் கிடக்கும் கடிதங்களை மதர் நாளைக் காலை கொடுப்பார். உன் மார்க் எவ்வளவு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

ஜார்க்கண்டில் எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு மடம் தொடங்குகிறார்கள். இங்கிருந்து நாலு பேர் போக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்று இந்த மாதம் ஆறாம் தேதி மதர் கேட்டார். நான் கை தூக்கினேன். அங்குள்ள ஆயரின் கடிதம் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்றார்கள், அதற்குள் தியானம் வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி ரயில். போனால் இங்கே திரும்பி வருவதில்லை.

ஆண்டவருக்காக மட்டும் போகிறேன் என்று எழுதினால் அது பொய். மதர் கேட்ட அன்று காலையில்தான் அப்பாவின் கடிதம் என் கைக்கு வந்தது. உன் நாலாவது காரணத்தை அப்பா எழுதியிருந்தார். மரியா, நீ இங்கே வந்தால் ஒவ்வொரு ஞாயிறும் உனக்காகக் காத்திருப்பேன். பிறகு திங்கள், செவ்வாயும் அதற்காகவே விடியும். எனக்கு அது நொம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் பயந்தேன். உன்னை வராதே என்று கண்டிப்பாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. கை தூக்குவது சுலபமாக இருந்தது.

நான் இல்லாத ஊரில் உனக்கென்ன வேலை? சென்னைக்குப் போ. நாடகம் போடு. சண்டை போட நாலு சிநேகிதிகளைச் சேர்த்துக்கொள். காலேஜ் சேர்க்கை ஜூனில்தானே? எனக்கு அப்பா ஜூன் இரண்டாம் வாரம் வரிசையில் நின்றுதான் விண்ணப்பம் வாங்கினார். ஆகையால் உனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜெபத்தில்,
தெரேஸ் அமலி


திண்டுக்கல்
20 மே 2024

மரியா,

காலையில் உன் கடிதத்தைப் படித்தேன். என் கடிதம் அதற்குள் தபாலுக்குப் போய்விட்டது.

இப்போதெல்லாம் மே மாதமே சேர்த்துவிடுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

என் பெயரை எடுத்துவிட முடியுமா என்று மதரிடம் போய்க் கேட்டேன். பெயர்கள் போய்விட்டன என்றார். என் தலையில் கை வைத்தார். அடுப்பில் இருந்த அப்பம் எல்லாம் கருகிவிட்டது.

ஜூன் ஒன்பது ஞாயிறு, சந்திக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அப்பாவோடு வா. கண்டிப்பாக வா கண்ணு.

ஷெர்லின்


திண்டுக்கல்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு மரியா எழுதுவது.

நான் சுகம். அப்பா சுகம். ஜார்க்கண்ட் உனக்கு எப்படி இருக்கிறது? அங்கே மழையா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி அப்பா மட்டும் வந்தார். நீ "மரியா வரலைங்களாப்பா?" என்று கேட்டாயாம். "அவளுக்குக் காய்ச்சல் கண்ணு" என்று சொன்னாராம். எனக்குக் காய்ச்சல் இல்லை, கோபம். அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "நொம்ப எளைச்சுட்டா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அதற்குப் பிறகு அழுதேன். அப்போது அழுது என்ன பிரயோஜனம்? அடுத்த நாள் உனக்கு ரயில்.

காலேஜ் தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை, நீ இல்லை என்று தெரிந்தும் உங்கள் மடத்துக் கோயிலுக்குப் போனேன். தடுப்புக்குப் பின்னால் பாடினார்கள், நன்றாகத்தான் பாடினார்கள். பாதிப் பூசையில் எழுந்து வந்துவிட்டேன். வெளியே வெயில் நீ எழுதின மாதிரியே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை. ஏற்காட்டுக்குப் போனால் அப்பா ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார். அதனாலேயே போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வகுப்பு நல்லது என்று உனக்கு ஒரு சாக்கு எழுதினேன் அல்லவா? அது நிஜம்தான். எங்கள் மேடத்துக்கு எல்லார் பேரும் தெரியும். போன வாரம் என்னை எழுப்பி ஒரு கவிதையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவியா என்கிற பெண், "இன்னொரு தரம் வாசி" என்றாள். அவள் இந்த ஊர்க்காரி, வாய் ஓயாமல் பேசுகிறாள். சென்னை சீட்டை விட்டுவிட்டேன் என்றதும் லூசா நீ என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ராஜேஸ்வரி மிஸ் அடுத்த வருஷம் மாறிக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேயே முடிக்கிறேன். இந்த முடிவுக்கு ஒரே காரணம்தான், படிப்பு.

அப்பாவுக்குத் தினமும் போன் செய்கிறேன். நேற்று, "ஊடு நொம்பப் பெருசா இருக்குது சாமி" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். அப்புறம் என் கேள்விகளுக்கெல்லாம் ஊம் கொட்டினார், ஆனால் போனை வைக்கவில்லை.

இப்போது உன் விஷயம். எனக்குப் பதினொரு வயதில், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். தேதி, பஸ் எல்லாம் முடிவாகியிருந்தது. இந்தத் தடவை எனக்காக என்றே போனாய். நீ எனக்காகச் செய்தது எனக்குப் புரிகிறது அக்கா. நானும் உனக்காகத்தான் வந்தேன், உன்னிடம் சொல்லாமல் வந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது. ஆனால் இரண்டு தடவையும் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி எங்கேயாவது போவதென்றால் என்னிடம் கேள். நான் போ என்றுதான் சொல்லுவேன். கேட்டுவிட்டுப் போ.

மரியா